ஊக்குவித்தலும் அறமும்

தொழிலகத்திலோ அலுவலகத்திலோ சிலரைத் தம் பொறுப்பிற் கொண்டு வேலை நடத்தும் ஒருவர் நாடோறும் எதிர்நோக்கும் வினா ஒன்றுண்டு. தம் கீழ்ப் பணிபுரிவோரைச் சோர்வின்றியும் ஈடுபாட்டுடனும் பணிபுரியச் செய்வது எவ்வாறு என்பதே அது. முகாமைத்துவ நூல்கள் இதனைப் பெரும்பாலும் உத்தி பற்றிய வினாவாகவே கொள்கின்றன. எம்முறை கூடிய பயன் தரும், எதற்குச் செலவு குறைவு என்னும் கோணத்திலேயே விடை தேடுகின்றன. ஆனால், உத்திக்கு முன்னர் எழவேண்டிய அறவியல் வினா ஒன்று இதனுள் மறைந்து கிடக்கின்றது. ஒரு மனிதன் மற்றொரு மனிதனின் விருப்பத்தைத் தன் நோக்கத்திற்கேற்ப இயக்க முயல்வதற்கு என்ன உரிமை உண்டு? அவ்வாறு இயக்குதல் எப்பொழுது மதிப்பாகும்? எப்பொழுது வஞ்சனையாகும்? இவ்வினாக்களைச் சிறிது ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவை முகாமைத்துவம் பயில்வோருக்கு மட்டும் உரிய வினாக்கள் அல்ல. கலைப்பீடத்தில் மெய்யியலும் வரலாறும் தமிழும் பயின்று வெளியேறுவோருட் பலர் பிற்காலத்தில் பாடசாலை அதிபர்களாகவும் அலுவலகப் பொறுப்பாளர்களாகவும் வங்கிக் கிளைகளின் முகாமையாளர்களாகவும் சிலருக்குத் தலைமை தாங்கும் நிலையை அடைகின்றனர். அன்று கைக்கு வரும் அதிகாரம் எத்தகையது என்பதை இன்றே சிந்தித்தல் வீண்முயற்சியாகாது.

சொல்லும் பொருளும்

ஊக்கம் என்பது தமிழில் நெடுங்காலமாக வழங்கும் சொல். திருக்குறளின் 60 ஆம் அதிகாரம் "ஊக்கமுடைமை" என்னும் பெயர் கொண்டது. பொருட்செல்வம் நில்லாது நீங்கக்கூடியது, உள்ளத்தின் ஊக்கமே மெய்யான உடைமை என்பது அவ்வதிகாரத்தின் அடிப்படைக் கருத்துகளுள் ஒன்று. உடைமை எனின் அதனை உடையவர் ஒருவர் இருத்தல் வேண்டும். நிலத்தையும் பொன்னையும் ஒருவர் மற்றொருவருக்குக் கொடுக்கலாம், பறிக்கவும் செய்யலாம். ஊக்கமோ உடையவரிடத்திலேயே தோன்றி அவரிடத்திலேயே நிற்பது. வள்ளுவர் அதனை உடைமை வகைகளுள் முதன்மையானதாக வைத்தமைக்கு இதுவே காரணம் எனலாம்.

இக்காலத்தில் நாம் பெரிதும் வழங்கும் "ஊக்குவித்தல்" என்னும் சொல்லோ பிறவினை. ஒருவர் செய்ய, மற்றொருவரிடத்தில் நிகழ்வது. இலக்கணத்தில் இதற்குத் தடையில்லை. உண்ணுதலுக்கு ஊட்டுதலும், நடத்தலுக்கு நடத்துவித்தலும் இருப்பதைப்போல ஊக்கத்திற்கு ஊக்குவித்தலும் இருக்கலாம். எனினும், சொல்லமைப்பு இடந்தருவதெல்லாம் உலகில் அவ்வாறே நிகழ்ந்துவிடுவதில்லை. தாய் குழந்தைக்குச் சோற்றை ஊட்டலாம். அதனைச் செரித்தல் குழந்தையின் உடலுக்குரிய தொழில். அதனைத் தாயும் செய்து கொடுத்தல் இயலாது. ஊக்குவித்தலிலும் இவ்வாறான எல்லையொன்று உண்டு. பிறர் செய்யக்கூடியது ஊக்கத்திற்கு வேண்டிய சூழலை அமைப்பது வரைக்குமே. அதற்கப்பாலுள்ளது பணிபுரிபவரின் சொந்த நிலம். அந்நிலத்தினுள்ளே அனுமதியின்றிக் கால்வைக்கும் முயற்சியிலேயே அறவியற் சிக்கல் தொடங்குகிறது.

கட்டுண்ட உழைப்பு

ஊக்குவித்தல் ஒரு பிரச்சினையாக எழுவதற்கு முன்னிபந்தனை ஒன்றுண்டு. பணிபுரிபவர் விலகிச் செல்லும் உரிமை உடையவராக இருத்தல் வேண்டும். அடிமையின் உள்ளத்தைப் பற்றி ஆண்டான் கவலைகொள்ள வேண்டியதில்லை. அவனுக்குச் சவுக்கே போதும். கடனாற் பிணிக்கப்பட்ட உழைப்பிலும் நிலைமை பெரிதும் வேறன்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே தென்னிந்தியாவிலிருந்து இலங்கையின் கோப்பித் தோட்டங்களுக்கும் பின்னர்த் தேயிலைத் தோட்டங்களுக்கும் கொண்டுவரப்பட்ட தொழிலாளரின் வரலாறு இதற்குச் சான்றாகும். பயணச் செலவு முதலாகக் கங்காணி தம் பெயரில் எழுதிய கடனோடுதான் அவர்களிற் பெரும்பாலோர் தோட்ட வாழ்வைத் தொடங்கினர். கடனைத் தீர்த்தாலன்றி ஒரு தோட்டத்தை விட்டு வேறொரு தோட்டத்திற்குச் செல்லவிடாது தடுத்த "துண்டு" முறை 1921 ஆம் ஆண்டிலேயே சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. தன்கீழுள்ளோருள் அன்றன்று வேலைக்கு வந்தவர்களின் தொகைக்கேற்பக் கங்காணிக்குத் தனியாகக் காசு கிடைத்தது. கூர்ந்து நோக்கின், அம்முறையில் ஊக்குவிக்கப்பட்டவன் கங்காணியே. தொழிலாளி எண்ணிக்கையில் மட்டும் இடம்பெற்றான். அவனுடைய உள்ளம் எவருடைய கணக்கிலும் வரவில்லை.

இதிலிருந்து பெறப்படும் உண்மை ஒன்றுண்டு. ஊழியரின் ஊக்கத்தைப் பற்றி முகாமையாளர் கவலைப்படத் தொடங்குவது, ஓரளவுக்கேனும் ஊழியரின் சுதந்திரத்தை ஒப்புக்கொண்டமைக்கு அடையாளமாகும். ஆதலால் ஊக்குவித்தல் என்னும் முயற்சியை அடியோடு பழித்தல் பொருந்தாது. அச்சுறுத்தலைக் காட்டிலும் அது ஒருபடி மேலானது. ஆனால், ஒப்புக்கொண்ட சுதந்திரத்தையே மறைமுகமாக வெல்வதற்கு அது கருவியாகுமாயின், முன்வாயிலால் வெளியேற்றப்பட்ட கட்டு பின்வாயிலால் உள்ளே வந்ததாகவே முடியும்.

உடலை விலைக்கு வாங்குதல்

ஐக்கிய அமெரிக்காவின் பொறியியலாளரான பிரெடெரிக் ரெயிலர் 1911 இல் வெளியிட்ட விஞ்ஞான முறை முகாமைத்துவத்தின் தத்துவங்கள் என்னும் நூல், இத்துறையின் முதல்நூல்களுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. பெத்லகேம் உருக்குத் தொழிற்சாலையில் இரும்புப் பாளங்களைச் சுமந்து புகைவண்டியில் ஏற்றும் தொழிலாளி ஒருவரைப் பற்றி அவர் அந்நூலில் விவரிக்கிறார். நாளொன்றுக்கு ஏறத்தாழ 12½ தொன் சுமந்துவந்த அத்தொழிலாளி, எப்பொழுது தூக்குவது, எப்பொழுது ஓய்வது என்று சொல்லப்பட்டவாறே நடந்து 47 தொன் சுமக்கலானார் என்றும், அவருடைய கூலி 1 டொலர் 15 சதத்திலிருந்து 1 டொலர் 85 சதமாக உயர்ந்தது என்றும் ரெயிலர் கூறுகின்றார். அதாவது, வேலை ஏறத்தாழ மூன்றேமுக்கால் மடங்காயிற்று; கூலி ஏறத்தாழ 1.6 மடங்காயிற்று.

ரெயிலரிடம் பாராட்டத்தக்க இயல்பொன்றுண்டு. அவர் எதனையும் மறைக்கவில்லை. கூடிய வேலைக்குக் கூடிய கூலி என்பதே அவர் முன்வைத்த உடன்பாடு. ஆயினும், அத்தகைய வேலைக்குப் பொருத்தமான மனிதனின் மனநிலை எருதின் மனநிலையை ஒத்தது என்று எழுதுவதற்கு அவர் தயங்கவில்லை. சிந்தித்தல் முகாமைக்கு உரியது, செய்தல் தொழிலாளிக்கு உரியது என்னும் பிரிவினையே அவர் முறைமையின் உயிர்நாடி. மனித உழைப்பிலிருந்து சிந்தனையை நீக்கிவிட்டு, எஞ்சிய உடலசைவுக்கு விலை நிருணயித்தார் எனலாம். வோட்டர்ரவுண் படைக்கலச் சாலையில் நேரங்கணிக்கும் கருவி கொண்டு வேலையை அளக்க முற்பட்டபோது 1911 இல் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். அமெரிக்கப் பாராளுமன்றக் குழுவொன்று ரெயிலர் முறையை விசாரிக்கவும் நேர்ந்தது. அளக்கப்படுதலையும் மனிதன் ஓர் எல்லைக்குட்பட்டே பொறுத்துக்கொள்வான் என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்திற்று.

உள்ளத்தை நாடுதல்

அடுத்த கட்டம் சிக்காகோ நகரை அடுத்திருந்த ஹோதோர்ன் தொழிற்சாலையில் 1924 முதல் 1932 வரை நடைபெற்ற ஆய்வுகளோடு தொடர்புடையது. தொலைபேசிக் கருவிகளை ஆக்கிய அத்தொழிற்சாலையில், முதலில் விளக்கொளிக்கும் உற்பத்திக்குமுள்ள தொடர்பு ஆராயப்பட்டது. பின்னர் 1927 இல் பெண் தொழிலாளர் சிலர் தனியறையொன்றில் அமர்த்தப்பட்டு, ஓய்வு இடைவேளை, வேலைநேரக் குறைப்பு, சிற்றுண்டி முதலிய மாற்றங்கள் ஒவ்வொன்றாகச் செய்து பார்க்கப்பட்டன. உற்பத்தி ஏறத்தாழ முப்பது வீதம் உயர்ந்தது. எல்ரன் மேயோவும் அவருடைய கூட்டாளிகளும் இதற்கு அளித்த விளக்கம் பெரும்புகழ் பெற்றது. தம்மீது ஒருவர் கவனஞ் செலுத்துகின்றார் என்ற உணர்வும், சிறு குழுவின் நட்புறவுமே உழைப்பை உயர்த்தின என்பது அவ்விளக்கத்தின் சாரம்.

இந்த இனிய கதைக்கு மறுபக்கமும் உண்டு. மிகுதியாகப் பேசுகின்றனர், ஒத்துழைக்கவில்லை என்ற காரணங் காட்டி அக்குழுவினருள் இருவர் 1928 இல் நீக்கப்பட்டு, வேறு இருவர் அவர்தம் இடத்தில் அமர்த்தப்பட்டனர். குழுவின் உற்பத்திக்கேற்பக் கூலி கணிக்கும் முறையும் அங்கு புகுத்தப்பட்டிருந்தது. இவற்றையெல்லாம் ஒதுக்கிவிட்டு நட்புறவுக்கு மட்டும் பெருமை சேர்ப்பது பொருந்தாது என அலெக்ஸ் கேரி என்பார் 1967 இல் கடுமையாக விமர்சித்தார். மேலும், அதே தொழிற்சாலையில் 1931 ஆம் ஆண்டின் இறுதியில் பதினான்கு ஆண் தொழிலாளர் அவதானிக்கப்பட்டபோது, அவர்கள் தம்முள் எழுதாத ஒப்பந்தமொன்றை வைத்து உற்பத்தியை ஓர் அளவுக்குமேற் செல்லவிடாது தடுத்தமை தெரியவந்தது. அதிகம் செய்து காட்டினால் கூலிவீதம் குறைக்கப்படும், ஆட்குறைப்பு நேரும் என்று அவர்கள் அஞ்சினர். பெருமந்தக் காலத்தில் அத்தொழிற்சாலையிலும் ஆட்குறைப்பு நிகழவே செய்தது. அவர்களுடைய மந்தத்தைச் சோம்பல் எனல் எளிது. அஃது அவர்கள் தம் நிலையை நன்கு விளங்கிக்கொண்டமையின் விளைவு என்பதே பொருத்தமான முடிபாகும்.

1936 இல் அத்தொழிற்சாலையில் ஊழியருக்கான ஆலோசனைத் திட்டமொன்று தொடங்கப்பட்டது. ஆலோசகர் ஊழியரின் குறைகளைப் பொறுமையோடு செவிமடுப்பர். கேட்டதை இரகசியமாகப் பேணுவர். ஆனால் அக்குறைகளை நீக்க எந்த நடவடிக்கையும் எடுக்கமாட்டார். மனத்திலுள்ளதைச் சொல்லியவுடன் மனச்சுமை குறையும், சுமை குறைந்தவர் வேலையில் அமைதியடைவர் என்பதே எதிர்பார்ப்பு. செவிமடுத்தல் உயர்ந்த பண்பு என்பதில் ஐயமில்லை. ஆனால், ஒருவர் தமது மேற்பார்வையாளர் அநீதி செய்கின்றார் என முறையிடும்போது, அவ்வநீதியைத் தொடாது அம்முறையீட்டை மட்டும் தணிப்பது எத்தகைய செவிமடுத்தல்? கூரை ஒழுகுகிறது என்பவனிடம், ஒழுக்கைப் பற்றி அவன் எவ்வாறு உணர்கின்றான் என்று கேட்டுக்கொண்டிருப்பதை இது ஒக்கும்.

ரெயிலர் தொழிலாளியின் உடலை விலைக்கு வாங்கினார். உள்ளத்தை அவனிடமே விட்டுவைத்தார். மேயோவின் வழிவந்தோர் உள்ளத்தையும் நாடினர். மனிதத்தன்மை மிகுந்தது எது என்று கேட்டால், பின்னையதே எனப் பலரும் உடனே விடைகூறுவர். அவ்விடை முற்றிலும் சரியானதன்று. உள்ளத்தை நாடுதல் உள்ளத்தை மதித்தலாகவும் இருக்கலாம். அதனை வசப்படுத்தலாகவும் இருக்கலாம். இரண்டையும் வேறுபடுத்தி அறிவதற்கு உரைகல் ஒன்று வேண்டும்.

இரண்டு உரைகற்கள்

ஜேர்மனிய மெய்யியலாளரான இமானுவேல் கான்ற் 1785 இல் வெளியிட்ட அறவியல் நூலில், மனிதனை வெறும் கருவியாக மட்டும் கொள்ளாது எப்பொழுதும் இலக்காகவும் கொள்ளவேண்டும் என்னும் விதியை நிறுவினார். இதிலுள்ள "மட்டும்" என்னும் சொல்லை நாம் கவனித்தல் வேண்டும். ஒருவரையொருவர் பயன்படுத்தாது உலகியல் நடைபெறாது. தச்சனிடம் நாம் மேசை செய்விக்கின்றோம். அவன் எம்மிடம் கூலி பெறுகின்றான். அதில் இழிவு எதுவுமில்லை. தன் நோக்கம் எது, பிறருடைய நோக்கம் எது என்பதை இருவரும் அறிந்து, அறிந்தே உடன்படுகின்றனர். எனவே முதலாவது உரைகல் இது: ஊழியரை எந்த நோக்கத்தை நோக்கி இயக்க முயல்கின்றோமோ அந்நோக்கத்தில் அவருக்கும் உண்மையான பங்கு உண்டா?

கான்ற் 1795 இல் எழுதிய நிலையான சமாதானம் பற்றிய நூலில் மற்றொரு கருத்தையும் முன்வைத்தார். பிறருடைய உரிமையைத் தொடும் செயலொன்று, அதன் நோக்கத்தை வெளிப்படையாக அறிவித்தால் நிறைவேறாது போகுமாயின், அச்செயல் நீதியற்றது என்பதே அக்கருத்து. அரசுகளைப் பற்றி அவர் கூறியதை நாம் அலுவலகத்துக்கும் பொருத்திப் பார்க்கலாம். எனவே இரண்டாவது உரைகல்: நாம் கையாளும் முறையை ஊழியரிடமே விளக்கிக் கூறிய பின்னரும் அது பயனளிக்குமா?

இவற்றைச் சிறு எடுத்துக்காட்டுகளிற் பொருத்திப் பார்ப்போம். முகாமையாளர் ஒருவர் ஊழியரின் வேலையைப் பாராட்டுகின்றார். "உம்முடைய வேலை உண்மையாகவே நன்றாயிருந்தது, அதை நீர் அறியவேண்டும் என்பதற்காகப் பாராட்டினேன்" என அவர் பின்னர் விளக்கினாலும் பாராட்டின் பெறுமதி குறைவதில்லை. மாறாக, "உமக்குச் சம்பள உயர்வு தர மனமில்லாமையாற் பாராட்டினேன்" என்பதே விளக்கமாயின், அவ்விளக்கம் வெளிவந்த கணமே பாராட்டு நஞ்சாகிவிடும். "நாமெல்லாம் ஒரே குடும்பம்" என்னும் பேச்சும் இத்தகையதே. மேலதிக நேரத்திற்குக் கொடுப்பனவின்றி வேலைவாங்கும்போது மட்டும் குடும்பமாகவும், ஆட்குறைப்பின்போது நிறுவனமாகவும் இருக்கும் ஓரமைப்பு, இவ்விரு உரைகற்களிலும் தேறாது.

ஊக்குவிப்பும் கூலியும்

எம் நாட்டு அனுபவமொன்றை இங்கு நோக்குதல் பொருத்தமாகும். பெருந்தோட்டத் தொழிலாளருக்காக 2016 ஒக்டோபரிற் கைச்சாத்திடப்பட்ட கூட்டு ஒப்பந்தத்தின்படி நாட்சம்பளம் 730 ரூபா எனக் கூறப்பட்டது. ஆனால் அதில் அடிப்படைச் சம்பளம் 500 ரூபாவே. எஞ்சியவற்றுள் 60 ரூபா வரவுக்கான ஊக்குவிப்பு, 140 ரூபா உற்பத்தித்திறனுக்கான ஊக்குவிப்பு, 30 ரூபா விலைப்பங்குக் கொடுப்பனவு. அதாவது, நாட்சம்பளமாகக் கூறப்பட்ட தொகையில் நான்கிலொரு பங்குக்கும் மேற்பட்டது ஊக்குவிப்பு என்னும் பெயரிலேயே நின்றது. குறித்த அளவு வரவும் குறித்த நிறைக் கொழுந்தும் இருந்தாலன்றி அப்பங்கு கைக்கு வராது. ஊழியர் சேமலாப நிதிக்கான கணிப்பிலும் அவ்வூக்குவிப்புகள் சேர்க்கப்படவில்லை. 2019 ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் அவ்விரு ஊக்குவிப்புகளும் நீக்கப்பட்டு, அடிப்படைச் சம்பளம் 700 ரூபாவாக்கப்பட்டது.

கொழுந்தின் அளவு பறிப்பவரின் கைவிரைவை மட்டும் பொறுத்ததன்று. மழை, வரட்சி, செடியின் வயது, பசளை, மலையின் சரிவு ஆகியனவும் அதனை நிருணயிக்கின்றன. தொழிலாளியின் கைக்கு எட்டாத காரணங்களால் நிறை குறையும்போதும் ஊக்குவிப்பு இழக்கப்படுமாயின், அதனை ஊக்கத்திற்குரிய வெகுமதி எனல் எவ்வாறு? வாழ்க்கைக்கு இன்றியமையாத கூலியின் ஒரு பகுதியைப் பிரித்தெடுத்து, நிபந்தனையோடு திருப்பித் தருவதே அங்கு நிகழ்ந்தது எனலாம். பெற்றால் வெகுமதி, இழந்தால் தண்டனை. ஆனால் பெயரளவில் தண்டனை என்ற சொல் எங்கும் இடம்பெறாது. கூலி என்பது கடன். வெகுமதி என்பது கொடை. கடனைக் கொடையின் உடையில் நிறுத்துதல் அறமன்று. ஊழியரை ஊக்குவிக்க விரும்பும் எவரும் முதலிற் செய்யவேண்டியது, கொடுக்கவேண்டியதைக் கொடுத்துத் தீர்ப்பதேயாகும்.

வெகுமதியின் மற்றொரு விளைவையும் உளவியலாளர் எடுத்துக்காட்டியுள்ளனர். எட்வேட் டெசி என்பார் 1971 இல் வெளியிட்ட ஆய்வொன்றில், மாணவர் சிலருக்குப் புதிர்களை விடுவிப்பதற்குப் பணம் கொடுத்தார். வேறு சிலருக்குக் கொடுக்கவில்லை. பணம் நிறுத்தப்பட்ட பின்னர், பணம் பெற்றிருந்தோர் ஓய்வு நேரத்தில் அப்புதிர்களில் முன்போல் நாட்டங் காட்டவில்லை. விருப்பத்தாற் செய்ததை விலைக்குச் செய்யத் தொடங்கியதும், விருப்பம் விலகிக்கொண்டது என இதனை விளங்கிக்கொள்ளலாம். இதனைக் காட்டிக் கூலியைக் குறைக்க முற்படுவோரும் உளர். அஃது ஆய்வைத் தவறாகப் பயன்படுத்துவதாகும். புதிரை விடுவித்த மாணவருக்கு அப்புதிர் வயிற்றுப்பாடு அன்று. நியாயமான கூலி முதலில் நிலைபெற்ற இடத்திலேயே, கூலிக்கு அப்பாற்பட்ட விருப்பத்தைப் பற்றிப் பேசுவது தகும்.

மறுப்புகள் சில

மேற்கூறியவற்றுக்குச் சில மறுப்புகள் எழலாம். மனித உறவுகள் யாவும் ஒருவர் மற்றொருவரின் விருப்பத்தை மாற்றுவனவே. ஆசிரியர் மாணவரைத் தூண்டுகின்றார், தாய் குழந்தையைத் தூண்டுகின்றாள், அவற்றையும் வசப்படுத்தல் என்பதா என்பது முதலாவது மறுப்பு. ஆசிரியரின் தூண்டுதலில் பயன் முதன்மையாக மாணவரைச் சேர்கிறது. முகாமையாளரின் தூண்டுதலில் பயன் முதன்மையாக நிறுவனத்தைச் சேர்கிறது. இவ்வேறுபாட்டினால் முகாமையாளரின் செயல் தானாகவே குற்றமாகிவிடாது. ஆனால் அவர் கூடிய எச்சரிக்கையோடு இருத்தல் வேண்டும் என்பது பெறப்படும். ஆசிரியர் என்ற போர்வையைப் போர்த்திக்கொள்ளும் முகாமையாளரே ஐயத்திற்குரியவர்.

இரண்டாவது மறுப்பு கனதியானது. குழுவொன்றின் தலைவரும் ஊழியரே; சம்பளத்தை நிருணயிப்பதும் ஆட்களைக் குறைப்பதும் அவர் கையில் இல்லை; மேலிருந்து வரும் இலக்கைக் கீழுள்ளோர்க்கு உரைக்கும் இடைநிலையே அவருடையது; அவரிடம் இவ்வளவு அறத்தை எதிர்பார்த்தல் நியாயமா? இம்மறுப்பில் உண்மையுண்டு. தன் கையில் இல்லாததற்கு ஒருவர் பொறுப்பாளியாகார். ஆனால் எது தன் கையில் இல்லை என்பதை ஊழியரிடம் உள்ளவாறு கூறுதல் அவர் கையில் உள்ளது. தரமுடியாத பதவியுயர்வைத் தருவேன் என்று ஆசைகாட்டாதிருத்தலும், பிறருடைய உழைப்பைத் தன்னுடையதாக மேலிடத்திற் காட்டாதிருத்தலும், கீழுள்ளோரின் முறைப்பாட்டை மேலே கொண்டுசெல்லுதலும் அவர் கையில் உள்ளன. இவற்றுக்குப் பணச் செலவில்லை, துணிவே செலவாகும்.

மூன்றாவது மறுப்பு, சிலர் உண்மையிலேயே வேலை செய்வதில்லையே என்பது. இதனையும் தட்டிக்கழித்தலாகாது. ஐவர் கொண்ட குழுவில் ஒருவர் தம் பங்கைச் செய்யாதுவிடின், அச்சுமை ஏனைய நால்வர்மீதும் விழும். அப்பொழுது தலைவர் காட்டும் மென்மை, உழைப்பவருக்கு இழைக்கும் அநீதியாகும். ஆகவே கண்டிப்பு அறத்துக்கு எதிரானதன்று. சில வேளைகளில் அதுவே அறமாகும். ஆனால் கண்டிப்புக்கு உரியது செய்யப்படாத வேலையே, காட்டப்படாத உற்சாகமன்று. இவ்வேறுபாடு மிக முக்கியமானது. வேலை உடன்பாட்டுக்கு உட்பட்டது. உற்சாகம் உடன்பாட்டுக்கு உட்பட்டதன்று. தம் வேலையைச் செம்மையாகவும் நேரத்திற்கும் செய்து முடித்து, சிரிப்பின்றி வீடு திரும்பும் ஓர் ஊழியர் எவருக்கும் கடனாளியல்லர். வீட்டில் நோயுற்ற தாயையோ அடைக்கவேண்டிய கடனையோ நினைந்தவாறு அவர் வேலை செய்திருக்கலாம். அவரிடம் மலர்ந்த முகத்தையும் கேட்டு வாங்க முனைதல், விற்காத பொருளைப் பறிப்பதற்குச் சமம்.

கடனும் மறுமொழியும்

அவ்வாறாயின் தலைவர் செய்யத்தக்கது யாது? பௌத்த நூலான தீக நிகாயத்தில் இடம்பெறும் சிகாலோவாத சூத்திரம் இதற்கு ஒளிதருகின்றது. திசைகளை வணங்கும் இளைஞனொருவனுக்குப் புத்தர் ஆறு திசைகளாவன ஆறு வகை மனித உறவுகளே என்று விளக்குகின்றார். கீழ்த்திசையாக, அதாவது பாதாளத் திசையாக, அங்கு கூறப்படுவோர் பணியாட்கள். அவர்களும் வணங்கிப் பேணத்தக்க ஒரு திசையாகவே கொள்ளப்படுகின்றனர். வலிமைக்கேற்ப வேலையைப் பகிர்தல், உணவும் கூலியும் அளித்தல், நோயிற் பராமரித்தல், அரிய உணவு கிடைக்கும்போது பகிர்ந்தளித்தல், உரிய காலத்தில் ஓய்வு கொடுத்தல் என்னும் ஐந்தும் தலைவனின் கடன்கள். இவ்வாறு பேணப்பட்ட பணியாட்கள் வேலையைச் செம்மையாகச் செய்தல் முதலிய ஐந்தினால் தலைவனுக்கு மறுமொழி தருவர் என அச்சூத்திரம் தொடர்கின்றது.

இங்கே வரிசைமுறை நோக்கத்தக்கது. தலைவனின் கடன் முன்னே நிற்கிறது. பணியாளரின் முயற்சி பின்னே, மறுமொழியாக வருகின்றது. முயற்சியைப் பெறுவதற்குரிய தந்திரமாகத் தலைவனின் கடன் அங்கு கூறப்படவில்லை. கடன் என்பதனாலேயே அது செய்யப்படவேண்டியது. நோயுற்றவரைப் பேணுதல் அவர் மீண்டுவந்து கூடுதலாக உழைப்பார் என்பதற்காகவன்று. திருக்குறளின் 52 ஆம் அதிகாரமான "தெரிந்துவினையாடல்" இதற்கு மற்றொரு கூறினைச் சேர்க்கிறது. ஒருவனுடைய தகுதியை நன்கு ஆராய்ந்து தெளிந்தபின் அச்செயலை அவனிடமே ஒப்படைத்துவிடுதல் அங்கு வற்புறுத்தப்படுகிறது. ஆராய்தல் ஒப்படைப்பதற்கு முன்னர், ஒப்படைத்தபின் நம்பிக்கை. பலர் இவ்வரிசையை மாற்றி, ஆராயாது ஒப்படைத்துவிட்டுப் பின்னர் ஒவ்வோர் அடியையும் ஐயுறுகின்றனர்.

இவை பழங்காலத்து நல்லுரைகள் மட்டுமே என எண்ணுவோருக்கு ஓர் அண்மைக்கால நிகழ்ச்சியைக் காட்டலாம். கலிபோர்ணியாவின் பிறீமொன்ற் நகரில் ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனம் நடத்திய வாகனத் தொழிற்சாலை 1982 இல் மூடப்பட்டது. நாளொன்றில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கினர் வேலைக்கு வராத, முரண்பாடு மலிந்த தொழிற்சாலை எனப் பெயர்பெற்றது அது. 1984 இல் ரொயோற்றா நிறுவனத்தோடு கூட்டாக அது மீளத் திறக்கப்பட்டபோது, அமர்த்தப்பட்டோரிற் பெரும்பாலோர் பழைய தொழிலாளரே, தொழிற்சங்கமும் பழையதே. பழுதொன்றைக் கண்டால் எந்தத் தொழிலாளியும் கயிற்றை இழுத்து உற்பத்தித் தொடரை நிறுத்தும் உரிமை புதிதாக வந்தது. விற்பனை வீழ்ந்த 1988 இலும் ஆட்குறைப்புச் செய்யாது, வேலையற்றிருந்தோருக்குப் பயிற்சி அளிக்கப்பட்டது. வேலைக்கு வராதோர் தொகை மிகச் சில வீதமாகக் குறைந்தது. அங்கு வேலை இலகுவானதாக இருக்கவில்லை. வேகம் கடுமையாகவே இருந்தது. ஆயினும், சோம்பேறிகள் எனப்பட்டவர்களே செவ்வையாக வேலை செய்தனர். மாறியது அவர்களுடைய இயல்பன்று. அவர்கள்மீது வைக்கப்பட்ட நம்பிக்கையும் அவர்களுக்குக் கொடுத்த வாக்கு காக்கப்பட்டமையுமே.

இதுவரை கூறியவற்றைத் தொகுத்து நோக்குவோம். ஊக்கம் ஊழியரின் உடைமை. அதனை எவரும் உண்டாக்கிக் கொடுக்க முடியாது. முகாமையாளர் செய்யக்கூடியவை அதற்கு முந்திய செயல்களே. கொடுக்கவேண்டியதை முழுமையாகக் கொடுத்தல், வேலையின் நோக்கத்தை உள்ளவாறு விளக்குதல், தகுதியறிந்து பொறுப்பை ஒப்படைத்தல், முறைப்பாட்டைக் கேட்பதோடு நில்லாது இயன்றவரை தீர்த்தல், உழைத்தவரின் பெயரை உழைப்போடு சேர்த்துச் சொல்லுதல் ஆகியன அவை. இவை நிறைவேறிய இடத்தில் ஊக்கம் பெரும்பாலும் தோன்றவே செய்யும். ஒருகால் தோன்றாதுவிடினும், செய்தவை வீணாவதில்லை. ஏனெனில் அவை பிறிதொன்றைப் பெறுவதற்காகச் செய்யப்பட்ட செலவுகள் அல்ல, செய்யவேண்டிய கடன்கள்.

ஆகவே, தலைமைப் பொறுப்பை ஏற்கும் ஒருவர் "இவர்களை நான் எவ்வாறு ஊக்குவிப்பேன்?" என்று வினவுவதற்கு முன்னர், "இவர்களுடைய ஊக்கத்தை எது தடுத்து நிற்கின்றது? அத்தடையில் என் பங்கு எவ்வளவு?" என வினவுதல் வேண்டும். முதல் வினாவுக்கு விடைகூற நூல்கள் பல உள. இரண்டாம் வினாவுக்குரிய விடையை அவரோடு பணிபுரிவோரிடமே கேட்டறிதல் வேண்டும். அவர்கள் அஞ்சாது விடைகூறும் நிலையை உருவாக்குவதே தலைவரின் முதற்பணியாகும்.